அதிரப்பள்ளியா, பரம்பிக்குளமா, அமைதிப் பள்ளத்தாக்கா?

சென்னையில் இருக்கும் என் தங்கை ஆண்டுக்கு ஒருமுறை பொள்ளாச்சிக்கு வரும்போதெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கையில் இரண்டு நாட்கள் இருக்கின்றன, மலையும் காடும் ஆறும் ஒருசேர இருக்கிற இடம் ஒன்றுக்குப் போகவேண்டும், எங்கே போகலாம்? எங்கள் பக்கத்தில் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று: அதிரப்பள்ளி, பரம்பிக்குளம், சைலண்ட் வேலி எனப்படும் அமைதிப் பள்ளத்தாக்கு. மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரள எல்லைக்குள் இருப்பவை. மூன்றிலும் யானை உண்டு, இருவாச்சிப் பறவை உண்டு, மழைக்காலத்தில் அட்டை உண்டு, செல்பேசி வேலை செய்யாத மணிநேரங்களும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் படங்களை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே பச்சையாகத்தான் தெரியும் என்பதால், படம் பார்த்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் அதிரப்பள்ளியில் போய் நிற்கிறார்கள்.

மூன்றுக்கும் பல தடவை போய்வந்தவன் என்ற முறையில், எது அழகு என்று கேட்பதற்கு முன் அந்த ஆற்றுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது என்றே சொல்வேன். ஏனெனில் மூன்று பள்ளத்தாக்குகளுக்கும் அணைத் திட்டம் வந்தது; ஒன்றில் அணை எழுந்தது, ஒன்றில் எழாமலே போயிற்று, மற்றொன்றில் மேலே அணைகள் நிற்க, அருவிக்கு அருகில் திட்டமிடப்பட்ட அணை மட்டும் இழுபறியிலேயே கிடந்தது. அங்கே போனால் ஓடும் நீரைப் பார்ப்போமா, தேங்கிய நீரைப் பார்ப்போமா, எந்த மாதத்தில் போகவேண்டும், இரவு தங்க இடம் உண்டா, முதியவர்களை அழைத்துச் செல்லலாமா என்பவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கிறது.

முதலில் அதிரப்பள்ளி. சாலக்குடி ஆறு ஏறக்குறைய 80 அடி உயரத்திலிருந்து ஒரே வீச்சில் விழும் இடம் இது. ஐந்து கிலோமீட்டர் மேலே வாழச்சாலில் அதே ஆறு பாறைச் சரிவில் நுரைத்து இறங்குகிறது. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு, திருச்சூர் வழியாகச் சமதளச் சாலையில் போகலாம். ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை வழியாகக் காட்டுக்குள்ளும் போகலாம். நேரம் இருப்பவர்கள் இரண்டாவது வழியையே எடுக்கவேண்டும் என்பேன். வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள் சிலருக்குக் குமட்டலைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் தேயிலைத் தோட்டங்கள் முடிந்து மளுக்கப்பாறைச் சோதனைச்சாவடியைக் கடந்ததும் தொடங்கும் காட்டுச் சாலைக்கு ஈடான பொதுச் சாலையை எங்கள் பக்கத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை. சாவடியில் வனக்காவலர் வண்டிக்குள் தலையை நீட்டி, இருக்கைக்கு அடியில் உருண்டு கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களைக்கூட எண்ணிக் குறித்துக்கொள்வார். மறுமுனையில் வாழச்சால் சாவடியில் அந்த எண்ணிக்கையும் நாம் எடுத்துக்கொண்ட நேரமும் சரிபார்க்கப்படும். இடையில் வண்டியை நிறுத்திக் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சாலை உகந்ததன்று. மாலைக்குப் பிறகு இரு சாவடிகளும் அடைபட்டுவிடும் என்பதால் வால்பாறையிலிருந்து காலையிலேயே இறங்கிவிடவேண்டும்.

அருவிக்கு அருகில் போனபின் இரண்டு இடங்களில் நிற்கலாம். மேலே, ஆறு பாறைகளுக்கிடையே பிரிந்து விளிம்பை நோக்கி வரும் இடத்தில் நின்றால், இவ்வளவு சாதுவான நீரா இப்படி விழப்போகிறது என்று தோன்றும். கற்கள் பதித்த செங்குத்தான பாதையில் கீழே இறங்கினால், அருவியின் அடியிலிருந்து எழும் சாரல் சட்டையை நனைத்து, மூக்குக்கண்ணாடியை மூடி, பக்கத்தில் நிற்பவர் பேசுவதைக் கேட்கவிடாமல் செய்யும். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கிவிடலாம், ஏறுவதுதான் பாடு. என் அம்மா ஒருமுறை இறங்கிவிட்டு, ஏறும்போது ஆறு இடங்களில் உட்கார்ந்தார். குரங்குகள் கையிலிருக்கும் தின்பண்டத்தைப் பறிப்பதில் தேர்ச்சி பெற்றவை.

அதிரப்பள்ளிக்கு எதிராகச் சொல்லவேண்டியது கூட்டத்தைப் பற்றி மட்டுமன்று. இந்த அருவி முழுக்க மழையை நம்பி விழும் அருவி அல்ல. மேலே 1957 முதல் இயங்கிவரும் பொரிங்கல்குத்து நீர்மின் திட்டம் இருப்பதால், கோடையில் எவ்வளவு நீர் விழுகிறது என்பதை மின்நிலையத்தின் இயக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஜூலையில் பாறையே தெரியாமல் விழுந்த நீரை மார்ச் மாதத்தில் தேடிப் போனவர்கள் இரண்டு மூன்று வெள்ளை நூல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியதுண்டு. அருவிக்குச் சற்று மேலே 163 மெகாவாட் திட்டம் ஒன்றும் பல ஆண்டுகள் பேசப்பட்டது. வாழச்சால் காடுகளில் வாழும் காடர் மக்கள் அதை உறுதியாக எதிர்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த, சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையிலான குழுவும் 2011இல் அதற்கு அனுமதி வழங்கக்கூடாது என்றே பரிந்துரைத்தது. வாழச்சாலில் ஆற்றங்கரை மரங்களின் அடர்த்தியையும் அவற்றின் பொந்துகளில் இருவாச்சி கூடு வைப்பதையும் பார்த்தவர்களுக்கு அந்த எதிர்ப்பின் காரணம் புரியும். இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காப்பவர்களும் அதே காடர் மக்கள்தாம்.

தங்குமிடம் அங்கே ஏராளம், அதுவே சிக்கலும்கூட. ‘ஆற்றைப் பார்த்த அறை’ என்ற விளம்பரத்தை நம்பி ஒரு விடுதியில் முன்பணம் கட்டி, குளியலறையின் காற்றுச் சாளரம் வழியாக மட்டும் ஆற்றைப் பார்த்த பாக்கியம் எனக்கு உண்டு. அதன் பெயர் இங்கே வேண்டாம். அறையின் படத்தையல்ல, அறைச் சாளரத்திலிருந்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்கியபின் பணம் அனுப்புவது நல்லது.

அதே சாலக்குடி ஆற்றின் மேல்முனைக் கிளைகளில் ஒன்றுதான் பரம்பிக்குளம் ஆறு. அந்தக் கிளையைத் தடுத்து 1960களில் எழுந்த அணையின் நீர், மேற்கே தன் வழியில் போகாமல், தூணக்கடவுக்கும் அங்கிருந்து சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதிக்கும் வந்து, காண்டூர் கால்வாயில் மலையோரமாகவே ஊர்ந்து திருமூர்த்தி அணையைச் சேர்கிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய ஆறு கிழக்கே திரும்பிப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பாய்கிற இந்தப் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தைத்தான் நாங்கள் சுருக்கமாகப் பி.ஏ.பி. என்று சொல்கிறோம். அணை இருப்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு, 1970இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1958 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. 2022 செப்டம்பரில் ஒரு நள்ளிரவில் இந்த அணையின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்தபோது வெளியேறிய நீர் கிழக்கே வரவில்லை, தன் பழைய வழியைத் தேடிச் சாலக்குடி ஆற்றுக்குத்தான் போயிற்று; கீழே ஆற்றங்கரை முழுக்க எச்சரிக்கை விடப்பட்டது. அதிரப்பள்ளியும் பரம்பிக்குளமும் வேறுவேறு சுற்றுலாத் தலங்கள் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

ஆகவே பரம்பிக்குளத்துக்குப் போகிறவர்கள் ஓடும் ஆற்றை எதிர்பார்க்கக்கூடாது. அங்கே கிடைப்பது ஏரி, அதைச் சுற்றிய காடு, அந்தக் காட்டுக்குள் ஓர் இரவு. கேரளத்தைச் சேர்ந்த இந்தப் புலிகள் காப்பகத்துக்கு வாகனத்தில் போகத் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழி ஒன்றே உள்ளது என்பதால் இரு மாநில வனத்துறைகளுக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்தவேண்டும்; இதைச் சாவடியில் நின்று விவாதிப்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன், ஒருவரும் வென்றதில்லை. பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பேருந்தும் உண்டு, ஆனால் நாளொன்றுக்குச் சில நடைகள்தாம். உள்ளே வழிகாட்டி இல்லாமல் சுற்ற இயலாது. வழிகாட்டிகள் பலர் காடர், மலசர் குடிகளைச் சேர்ந்தவர்கள். புலியைக் காட்டுவதாக அவர்கள் வாக்குக் கொடுப்பதில்லை, அதுவே அவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணம். காட்டுமாடும் புள்ளிமானும் அநேகமாக உறுதி. மாலையில் ஏரிக்கரைப் புல்வெளிக்கு யானைக் கூட்டம் இறங்கினால் அது அன்றைய வரவு.

இந்தக் காட்டைக் கன்னிக் காடு என்று எண்ணிப் போவது பிழை. மலையிலிருந்து மரங்களை இறக்குவதற்கென்றே கொச்சி சமஸ்தானம் போட்ட டிராம் பாதை 1907 முதல் 1963 வரை சாலக்குடியையும் பரம்பிக்குளத்தையும் இணைத்து ஓடியது. வெட்டிய இடங்களில் தேக்கை நட்டார்கள். இன்று நாம் வரிசை வரிசையாகப் பார்க்கும் தேக்குகளில் பெரும்பாலானவை அப்படி நடப்பட்டவை. அந்த வெட்டுக்குத் தப்பி நிற்பதுதான் தூணக்கடவுக்கு அருகிலுள்ள கன்னிமாரா தேக்கு. அதன் சுற்றளவு ஏறக்குறைய ஏழு மீட்டர். நாங்கள் ஐந்து பேர் கைகோத்துத்தான் அதைச் சுற்றிவர முடிந்தது. வெட்ட முயன்றபோது மரத்திலிருந்து இரத்தம் வடிந்ததாகவும் அதனால் கன்னித் தெய்வமாக வணங்கப்பட்டதாகவும் வழிகாட்டி சொல்வார். மரத்தடியில் குங்குமமும் இருக்கும்.

தங்குவதற்கு வனத்துறையின் கூடாரங்களும், மரத்தின்மேல் கட்டிய குடிலும், படகில் மட்டுமே போகக்கூடிய வீட்டிக்குன்னுத் தீவின் குடிலும் உள்ளன. கட்டணம் குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் உணவு, வழிகாட்டி, வாகனச் சுற்று, மூங்கில் தெப்பம் போன்றவை பெரும்பாலும் அடங்கிவிடுவதால், அதிரப்பள்ளியில் அறைக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று என்று கொடுத்துக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இராது. முன்பதிவு கட்டாயம். தெப்பத்தில் போகும்போது நீரில் கையை விட வேண்டாம் என்று சொல்வது சம்பிரதாயத்துக்காக அன்று. அந்த நீரில் முதலைகள் இருக்கின்றன. கோடையில் காட்டுத்தீ அபாயம் கூடும்போது காப்பகத்தை மூடிவிடுவதும் உண்டு என்பதால் மார்ச், ஏப்ரல் பயணத்துக்கு முன் விசாரித்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது, அமைதிப் பள்ளத்தாக்கு. கோவையிலிருந்து ஆனைகட்டி, அகளி வழியாக முக்காலி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கோவையிலிருந்து பார்த்தால் தொலைவில் இதுதான் அருகில், கிடைக்கும் நேரத்தில் இதுதான் சிக்கனம். முக்காலிக்கு மேல் சொந்த வாகனத்துக்கு இடமில்லை. வனத்துறை ஏற்பாடு செய்யும் ஜீப்பில் 23 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் குலுங்கிச் சைரந்திரியை அடையவேண்டும். இருள் பிரியாமல் கோவையில் கிளம்பினால்தான் முற்பகல் நுழைவு கிட்டும். மதியத்துக்குப் பிறகு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முக்காலியிலிருந்து போய்த் திரும்பும் முழுப் பயணமும் ஐந்து மணிநேரத்தில் முடிந்துவிடும். இவ்வளவுக்குப் போய்வந்து அங்கே என்ன செய்தோம் என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இராது: ஒரு கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறினோம், ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம், ஓர் ஆற்றைப் பார்த்தோம்.

ஆனால் அந்த ஆறு குந்திப்புழை. நீலகிரியின் மேற்குச் சரிவில், முக்குறுத்தித் தேசியப் பூங்காவை ஒட்டிய உயரங்களில் தோன்றி, மனிதர் குடியிருப்பு எதையும் தொடாமல் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்து, பின்னர் தூதப்புழையாகிப் பாரதப்புழையில் கலக்கிறது. சைரந்திரிக்கு அருகில் இதை மறித்து 120 மெகாவாட் மின்திட்டம் அமைக்க 1973இல் ஒப்புதல் கிடைத்தது. மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், சுகதகுமாரி போன்ற கவிஞர்களும், சலீம் அலி போன்ற அறிஞர்களும் எதிர்த்து நின்றதில் அத்திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இன்று ஏறக்குறைய 30 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் நின்று கீழே பார்க்கையில், கண்ணுக்கெட்டும் பச்சையில் ஒரு பகுதி நீருக்கடியில் போயிருக்கவேண்டியது என்ற கணக்கு மனத்தில் ஓடாமல் இராது.

சைரந்திரி என்பது விராட நகரத்தில் திரௌபதி மறைந்து வாழ்ந்தபோது பூண்ட பெயர். ஆற்றுக்கோ மாமியாரின் பெயர். சைரந்திரிதான் ஆங்கிலேயர் வாயில் சைலண்ட் வேலி ஆயிற்று என்போரும் உண்டு. சிள்வண்டின் ஒலி இல்லாததால் வந்த பெயர் என்போரும் உண்டு. நான் போன அக்டோபரில் சிள்வண்டு காதைத் துளைத்தது.

தொங்குபாலம்வரை நடக்க அனுமதி இருக்கும் நாட்களில் அந்த நடையை விட்டுவிடக்கூடாது. பாதையில் முள்முள்ளாய், பலாப்பிஞ்சு போல வெடித்துக் கிடக்கும் காய்களைப் பார்த்தால் தலையை உயர்த்தவேண்டும். அது வெடிப்பலா, சிங்கவால் குரங்கின் விருப்பமான உணவு. எங்களுக்கு முன்னே போன முடுகர் இனத்து வழிகாட்டி சட்டென்று நின்று கையை மட்டும் உயர்த்தினார். நெடுநேரம் இலைகள் அசைவதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு கரிய முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியோடு ஒன்று, அதன் வயிற்றில் தொங்கும் குட்டியோடு மற்றொன்று. பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் நீரின் அடியிலுள்ள கூழாங்கற்களின் நிறம்வரை தெரிகிறது. இறங்க அனுமதி இல்லை. மூன்று பள்ளத்தாக்குகளிலும் நான் அதிகம் ஆசைப்பட்ட நீர் அதுதான்.

இதைச் சொல்லும்போது ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அணை கட்டாத ஆறே சிறந்தது என்று சொல்லிவிடுவது எனக்கு அவ்வளவு எளிதன்று. எங்கள் வீட்டுத் தென்னைகள் பரம்பிக்குளத்து நீரைக் குடித்தவை, கோவை நகரம் குடிக்கும் சிறுவாணியும் இதே அட்டப்பாடி மலைகளில் அணை கட்டித் தேக்கிய நீர்தான். நான் சொல்வது பயணியின் கணக்கு மட்டுமே.

அந்தக் கணக்கில், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு முதல் தடவையாக வருபவர்கள் அதிரப்பள்ளிக்குப் போகலாம். குழந்தைகளுக்கு உடனடியாகப் பலன் தெரியவேண்டும். அருவி அதைத் தந்துவிடும். போகும் மாதம் செப்டம்பர் முதல் டிசம்பர்வரை இருந்தால் நீரும் இருக்கும், சாலையும் இருக்கும். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போது அருவி மிகக் கம்பீரமாக இருக்கும் என்பது மெய்தான், ஆனால் மண்சரிவால் மலைச்சாலை அடைபட்டு, திருச்சூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பும் வாய்ப்பும் அப்போதுதான் மிகுதி. நடக்க முடியாதவர்களும், ஓர் இரவு காட்டுக்குள் உறங்கவேண்டும் என்ற ஆசை உள்ளவர்களும் பரம்பிக்குளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலும் வாகனத்தில் அமர்ந்தே பார்க்கலாம் என்பதால் முதியவர்களுக்கு அதுவே ஏற்றது. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, காட்டைப் பற்றி முன்பே கொஞ்சம் படித்திருக்கிறோம், எதையும் ‘செய்யாமல்’ திரும்பிவரச் சம்மதம் என்பவர்களுக்கு அமைதிப் பள்ளத்தாக்கு. ஜீப்பின் குலுக்கலால் முதுகுவலிக்காரர்களும் கருவுற்றவர்களும் அதைத் தவிர்க்கவேண்டும். குளிப்பதுதான் நோக்கம் என்றால் மூன்றுமே வேண்டாம்; ஆழியாறு தாண்டியதும் குரங்கு அருவி இருக்கிறது, அனுமதி இருக்கும் நாளில் போய் ஆசைதீரக் குளித்துவிட்டு வரலாம்.

தனியாகப் போவதாக இருந்தால் நான் இன்றும் முக்காலி வழியைத்தான் பிடிப்பேன். தங்கை குடும்பத்துக்கு, அம்மாவின் முழங்காலை முன்னிட்டு, பரம்பிக்குளத்தையே சொன்னேன். மாப்பிள்ளைக்கு அருவி இல்லையே என்ற குறை. அணையை எட்டிப் பார்க்கும் இடத்தில் வண்டி நின்றபோது பிள்ளைகள் முதலையைத் தேடினார்கள். நாற்பது ஆண்டுகளாக, மண்டலம் மண்டலமாக முறைவைத்துத் திறந்துவிடும் பாசன நீருக்காக இரவில் அரிக்கேன் விளக்கோடு வாய்க்கால் மேட்டில் காத்திருந்த அம்மா, வண்டியை விட்டு இறங்காமலே வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, இப்ப எத்தன அடி நிக்குது?”

மொத்தம் 72 அடி, இன்றைக்கு 68 என்று அவர் யோசிக்காமல் சொன்னார்.